ஆடுவதற்கு ஒரு தரை

(முன்னாள் மாணவர் சந்திப்பின் மாலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்க துறையைப் பத்தி அரை மணி நேரம் பேசுங்க" என்றார். என் துறை என்னவென்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. 1986-இல் இயற்பியல் முடித்துவிட்டுச் சென்னைக்குப் போனவன், மேடைக்கு விளக்குக் கட்டும் தொழிலில் நுழைந்துவிட்டேன். நாடகம், கச்சேரி, கல்யாண வரவேற்பு, கட்சி மாநாடு எல்லாவற்றுக்கும் கட்டியிருக்கிறேன். ஆனால் மனசுக்குப் பிடித்துச் செய்தது நடனத்துக்கு விளக்குப் போட்டதுதான். ஒளி எந்தக் கோணத்தில் விழுந்தால் எங்கே பிரதிபலிக்கும் என்று இதே கட்டிடத்தின் மாடியில் படித்தது, வயிற்றுப்பாட்டுக்கு இவ்வளவு உதவும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

இரண்டு செய்திகள் என் காதுக்கு வந்தன. ஒன்று, அடுத்த ஆண்டு தென்னிந்தியாவின் தற்கால நடனக் குழுக்களை அழைத்து இரண்டு நாள் 'ஷோகேஸ்' நடத்த மாணவர் பேரவை ஆசைப்படுகிறது. இரண்டு, நம் அரங்கத்தைப் புதுப்பிக்கச் சங்கம் நிதி திரட்டுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பேசப் போகிறேன்.

முதலில் இந்த 'ஷோகேஸ்' என்ற சொல். நம் வீடுகளில் ஷோகேஸ் என்றால் என்ன? முன்கூடத்துச் சுவரில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் பையன் வாங்கிய கோப்பை, மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பீங்கான் யானை, நடுவிலே தஞ்சாவூர் ஆட்ட பொம்மை ஒன்று. யாராவது வந்தால் பார்ப்பார்கள், "நல்லாயிருக்கே" என்பார்கள். தீபாவளிக்கு ஒரு முறை தூசு தட்டுவோம். நடனத்தை அந்த அலமாரிக்குள் வைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

பேரவைத் தம்பி ஒருவர் காலையில் என்னிடம் கேட்டார்: "சார், கன்டெம்ப்ரரி டான்ஸ்னா வெஸ்டர்னா, கிளாசிக்கலா?" கல்லூரி கல்ச்சுரல்ஸில் இந்த இரண்டு பெட்டிகள்தானே இருக்கின்றன! மூன்றாவதாகக் கிராமிய நடனம் என்று ஒன்று. அதிலும் சினிமாப் பாட்டுதான் ஓடும். அந்தத் தம்பிக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

உதய் சங்கர் என்று ஒரு மேதை. இந்திய உடலையும் மேலை மேடையின் வசதிகளையும் சேர்த்துப் புதிதாக ஒன்று செய்ய முடியும் என்று உலகம் சுற்றிக் காட்டியவர். அவர் எடுத்த ஒரே முழுநீளப் படம் 'கல்பனா', 1948-இல் வெளிவந்தது. எங்கே எடுத்தார் தெரியுமா? சென்னை ஜெமினி ஸ்டூடியோவில். ஆக, இந்தக் கதையில் நம் மண்ணுக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் படத்தைச் செப்பனிட்டு 2012-இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். மாணவர்கள் தேடிப் பாருங்கள். கதை கொஞ்சம் அலையும், ஆனால் நடனக் காட்சிகளில் நிழல் விழும் அழகு ஒன்று போதும்.

அடுத்தவர் சந்திரலேகா. அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். குஜராத்திக் குடும்பத்தில் 1928-இல் பிறந்தவர். சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் கற்றார். 1952-இல் அரங்கேற்றம். ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக நடந்த நிகழ்ச்சி அது. யமுனையில் தோழிகள் நீர் தெளித்து விளையாடுவதை அபிநயித்துக்கொண்டிருக்கிறார். நடுவிலே, வெடித்துக் கிடக்கும் வயல்களும் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் ஜனங்களும் அவர் கண்முன் வந்துவிட்டனவாம். தண்ணீரில்லாத மக்களுக்காகப் பணம் திரட்டும் மேடையில், கையால் தண்ணீரை வாரி இறைத்துக் காட்டுகிறோமே என்ற முரண் அவரை விடவே இல்லை. இதைப் பின்னாளில் அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

1972-இல் 'நவக்கிரஹ' செய்தார். அதன் பிறகு பல வருஷம் மேடையை விட்டு ஒதுங்கியே இருந்தார். 1984-இல் பம்பாயில் மாக்ஸ்முல்லர் பவன் முயற்சியில் 'கிழக்கு மேற்கு நடனச் சந்திப்பு' நடந்தது. இந்தியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் நடனக்காரர்கள் ஒரே இடத்தில் பல நாள் கூடி, ஆடிக் காட்டி, விவாதம் செய்தார்கள். சந்திரலேகா அங்கேதான் நடனத்துக்குத் திரும்பினார். மறு வருஷமே 'அங்கிகா'. பரதம், களரிப்பயிற்று, யோகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாமி கதையும் நாயகன் நாயகி ஏக்கமும் இல்லாமல், உடம்பு என்றால் என்ன, முதுகெலும்பு என்றால் என்ன என்று கேட்ட படைப்பு. பிறகு 'லீலாவதி', 'ஸ்ரீ', 'யந்த்ரா', 2001-இல் 'சரீரா'. பெசன்ட் நகர் கடற்கரை ஓரத்தில் அவர் வீடு. பக்கத்திலேயே ஒத்திகைக்கான இடம். 2006 டிசம்பரில் காலமானார்.

'சரீரா'வில் மேடையில் இரண்டே பேர். ஒருவர் கவிஞர் திஷானி தோஷி, இன்னொருவர் களரி கற்ற ஷாஜி ஜான். குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசை. அவ்வளவு மெதுவான அசைவு. ஒரு கால் தரையிலிருந்து எழுந்து முழுதாக நீள்வதற்குள் நம் ஆட்கள் ஒரு பாட்டே முடித்துவிடுவார்கள்! அவருடைய படைப்புகளுக்கு ஒளியமைத்தவர் சதானந்த் மேனன். விளக்குத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படி மெதுவாக நகரும் உடம்புக்கு ஒளி போடுவது லேசான வேலை இல்லை. வேகமாக ஆடினால் தப்பு மறைந்துவிடும். மெதுவாக ஆடினால் விளக்குக்காரனின் கை நடுக்கம்கூடச் சபைக்குத் தெரியும்.

அவர் குழுவில் பத்து வருஷம் ஆடிவிட்டுத் தனியே வந்தவர் பத்மினி செட்டூர். 'ஃபிரஜிலிட்டி', 'பேப்பர்டால்', 'புஷ்ட்' என்று வரிசையாகப் படைப்புகள். 2012-இல் 'வால் டான்சிங்' செய்தார். அதற்கு மேடையே கிடையாது. கலைக்கூடத்துச் சுவர்களை ஒட்டி மூன்று மணி நேரம் ஆடுகிறார்கள். பார்ப்பவர்கள் நடுவில் நடமாடிக்கொண்டே பார்க்கலாம். ப்ரீத்தி ஆத்ரேயா 2015-இல் ஒரு படைப்பு செய்தார். திறந்த வெளியில் ஒரு சதுரம், அதற்குள் பத்துப் பேர். செய்வது குதிப்பது மட்டும். அத்தனை பேரும் தேர்ந்த நர்த்தகர்கள் என்றும் சொல்ல முடியாது. குதித்துக் குதித்து, மூச்சு வாங்கி, ஒருவரையொருவர் பார்த்துக் கணக்கு வைத்துக்கொண்டு மறுபடி குதிப்பார்கள். 'இதிலே என்ன நடனம் இருக்கு' என்று ஆரம்பிப்பவர், பத்து நிமிஷத்தில் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

மும்பையிலிருந்து வந்துபோன அஸ்தாத் தேபூவை விட்டுவிட்டுப் பேச முடியாது. மயிலாப்பூர் கிளார்க் பள்ளியின் காது கேளாத பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, பெரிய மேடைகளில் ஆட வைத்தவர். இசை காதில் விழாத பிள்ளைகள் தாளத்தை எப்படிப் பிடிப்பார்கள்? எண்ணிக்கையாலும் கண்ணாலும்தான். பக்கத்தில் ஆடுகிறவளின் தோள் அசைவதைப் பார்த்துத் தன் அடியை எடுக்க வேண்டும். அதற்கு எத்தனை நாள் ஒத்திகை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 2020 டிசம்பரில் அவரும் போய்விட்டார்.

பக்கத்து மாநிலங்களையும் கொஞ்சம் பார்ப்போம். பெங்களூரில் 1992-இல் தோன்றிய 'ஆட்டக்களரி' 2000-ஆம் ஆண்டு முதல் இரண்டாண்டுக்கு ஒரு முறை சர்வதேச நடன விழா நடத்தி, இளம் நடன அமைப்பாளர்களுக்கும் அதில் இடம் கொடுத்தது. கதக் கற்று, சாவ் கற்று, பிறகு திருவனந்தபுரத்தில் குடியேறிக் களரியும் கற்ற தக்‌ஷா சேத் தன் குழுவை அங்கேயே வளர்த்தார். அதே ஊரில் மது கோபிநாத், வக்கம் சஜீவ் என்ற இருவர் 'சமுத்ரா' என்ற பெயரில் ஆடினார்கள். கடல் கடந்தால், சென்னையில் பிறந்த ஷோபனா ஜெயசிங் 1988-இல் லண்டனில் தன் குழுவைத் தொடங்கினார்.

சென்னையில் இவர்களுக்கெல்லாம் மேடை போட்டுக் கொடுத்தவர்களும் உண்டு. 1998-இல் அனிதா ரத்னமும் ரன்வீர் ஷாவும் 'தி அதர் ஃபெஸ்டிவல்' தொடங்கினார்கள். மார்கழி சீசன் களைகட்டுவதற்கு முன், டிசம்பர் முதல் வாரத்தில், எழும்பூர் மியூசியம் தியேட்டரில். சபாக்களில் இடம் கிடைக்காதவர்களுக்கு அது ஒரு வாசல். பல வருஷம் நடந்து நின்றுபோனது. 2019-இல் சென்னையில் 'மார்ச் டான்ஸ்' என்று ஒன்று தொடங்கியது. அதில் ஆடிக் காட்டுவதோடு பயிற்சிப் பட்டறை, பேச்சு, பாதி முடிந்த படைப்பைக் கொண்டுவந்து காட்டுவது எல்லாம் இருந்தன. இந்தப் பாதி முடிந்த படைப்பைக் காட்டுகிற பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சமையலறையைத் திறந்து காட்டுகிற மாதிரி!

இத்தனை பெயர் சொன்னதால் எல்லாமே அற்புதம் என்று நினைத்துவிடாதீர்கள். பத்துப் படைப்பு பார்த்தால் நாலில் எனக்குக் கொட்டாவி வந்திருக்கிறது. இருட்டில் ஒருவர் அரை மணி நேரம் படுத்தே கிடப்பார். கடைசியில் எழுந்து போய்விடுவார். அதுவும் நடக்கும். ஆனால் அந்த நாலும் நடந்தால்தான் மற்ற ஆறு வரும். கர்நாடகக் கச்சேரியில் மட்டும் எல்லா நாளும் ராகம் இறங்கிவிடுகிறதா என்ன?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஷோகேஸ் என்றால் நடைமுறையில் என்ன? ஒரு மாலைக்கு ஐந்து குழு. ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிஷம். விளக்குச் சரிபார்க்க மதியம் ஆளுக்கு இருபது நிமிஷம். ஒரு மணி நேரப் படைப்பைப் பதினைந்து நிமிஷமாக நறுக்கிக் கொண்டுவருவார்கள். மெதுவான பகுதி முதலில் வெட்டுப்படும். துள்ளலான பகுதி மிஞ்சும். ஐந்து குழுவும் துள்ளலையே கொண்டுவந்தால் ஐந்தும் ஒரே குழு மாதிரி இருக்கும். பார்த்துவிட்டுப் போகிறவர்கள், "எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கு" என்பார்கள். யாருடைய குற்றம்? நறுக்கச் சொன்னவருடையது.

நம்மால் இரண்டு நாளில் பத்துக் குழுவை அழைக்க முடியும். அதற்குப் பதிலாக மூன்றே குழுவை அழைத்து, முழுப் படைப்பை ஆட விடுங்கள் என்பது என் முதல் விண்ணப்பம். அழைப்பிதழில் பெயர் குறையும், பரவாயில்லை.

இரண்டாவது விண்ணப்பம் இன்னும் பெரிது. மேடை கிடைப்பது இந்தக் கலைஞர்களுக்குக் கஷ்டம்தான். அதைவிடக் கஷ்டம் ஒத்திகைக்கு இடம் கிடைப்பது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு மணி நேரப் படைப்பு செய்கிறார்கள். தினம் நாலு மணி நேரம், எழுபத்தைந்து நாள் ஒத்திகை. மொத்தம் 300 மணி நேரம். ஒரு கூடத்துக்கு மணிக்கு ஐந்நூறு ரூபாய் வாடகை என்று வைத்தால்கூட ஒன்றரை லட்சம் ரூபாய். உடை, இசை, விளக்கு, சாப்பாடு இன்னும் வரவில்லை. படைப்பு தயாரான பிறகு எத்தனை தடவை ஆடுவார்கள்? இரண்டு தடவை, மூன்று தடவை. இந்தக் கணக்கு எந்த ஊரில் கட்டுப்படியாகும்? அதனால்தான் மொட்டை மாடியிலும், பள்ளிக்கூட வராந்தாவிலும், கார் நிறுத்தும் இடத்திலும் ஒத்திகை பார்க்கிறார்கள். சிமென்ட் தரையில் தினம் நாலு மணி நேரம் குதித்தால் முழங்கால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கும் உடற்கல்வி ஆசிரியரைக் கேளுங்கள்.

இங்கேதான் நம் அரங்கம் வருகிறது. சங்கம் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். மேடைக்கு மெருகேற்றிய கிரானைட், பின்னால் எல்ஈடி திரை, சபைக்குக் குஷன் நாற்காலி. நல்லெண்ணத்தோடு போட்ட பட்டியல்தான். ஆனால் முதல் இரண்டும் நடனத்துக்கு எதிரிகள்.

கிரானைட் பார்க்க அழகு. வியர்வை சொட்டினால் வழுக்கும். காலுக்கு எந்த விட்டுக்கொடுத்தலும் கிடையாது. இன்னொன்று, மேலிருந்து போடும் விளக்கு அதில் பட்டு நேரே முன் வரிசைக்காரர் கண்ணில் அடிக்கும். ஒளி விழும் கோணமும் பிரதிபலிக்கும் கோணமும் சமம் என்று நமக்கு முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தார்களே! எல்ஈடி திரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பின்னால் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் முன்னால் ஆடுகிறவர் கறுப்பு நிழலாகத்தான் தெரிவார்.

நடனத்துக்கு வேண்டியது மரத்தரை. சிமென்ட் மேல் பலகையை ஒட்டிவிட்டால் அது மரத்தரை ஆகாது. அடியில் ரப்பர் கட்டை, அதன் மேல் மரச் சட்டம், நடுவில் காற்றுக்கு இடம், மேலே இரண்டு அடுக்கு ஒட்டுப்பலகை. குதித்தால் தரை இலேசாக இறங்கிக் காலை ஏந்திக்கொள்ள வேண்டும். அதன் மேல் சுருட்டி வைக்கும் ரப்பர் விரிப்பு ஒன்று. வேண்டும்போது விரிக்கலாம். பரதம் ஆடுகிறவர்களுக்கும் இது நல்லதுதான். தட்டும்போது சத்தம் நன்றாக வரும். கரையானுக்கு மருந்து அடித்துத்தான் சட்டம் போட வேண்டும். ஒரு நிபந்தனை: வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. நம் ஊரில் இதைச் சொல்லிப் புரிய வைப்பதுதான் மிகப் பெரிய வேலை!

விளக்கைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. முன்னாலிருந்து அடிக்கும் வெளிச்சம் முகத்தைக் காட்டும், உடம்பைத் தட்டையாக்கிவிடும். நடனத்துக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும்: கணுக்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று. அதற்கு மேடையின் இரண்டு பக்கமும் கம்பம் நிறுத்த இடம் தேவை. நம் மேடையின் இடப்பக்கம் உடைந்த பெஞ்சுகள். வலப்பக்கம் பழைய தேர்தல் பெட்டிகளும், நான் படித்த காலத்திலிருந்தே அங்கே நிற்கும் ஒரு மர பீரோவும். அதன் சாவி யாரிடம் இருக்கிறதென்று இன்று வரை யாருக்கும் தெரியாது. இவற்றை அகற்றச் செலவே இல்லை.

தரை போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். தேர்வு நாட்கள் நீங்கலாக, மாலை ஐந்து முதல் எட்டு வரை அந்தக் கூடம் சும்மா கிடக்கிறது. மே மாதம் முழுக்க வெறும் புறாக்கள்தான். ஆண்டுக்கு ஒரு குழுவுக்கு இரண்டு மாதம் அந்த இடத்தை ஒத்திகைக்குக் கொடுப்போம். வாடகை வேண்டாம். பதிலாக அவர்கள் வாரம் ஒரு நாள் கதவைத் திறந்து வைத்து ஒத்திகை பார்க்க வேண்டும், நம் மாணவர்கள் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். இன்னொரு நாள் விருப்பமுள்ள மாணவர்களுக்குப் பயிற்சி. படைப்பு முடிந்ததும் முதல் முறை ஆடுவது நம் மேடையில்.

"வெளியாளுக்கு நம்ம பணத்துல ஏன் செய்யணும்?" என்று ஒரு நண்பர் மதியம் சாப்பாட்டுப் பந்தியில் கேட்டார். நியாயமான கேள்வி. நான் பார்த்த வரையில் தற்கால நடனம் என்று மேடைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நகரத்துப் பிள்ளைகள், பரதமோ களரியோ முறையாகக் கற்க வசதி இருந்தவர்கள். நம் கல்லூரியில் சிலம்பம் சுற்றுகிற பையன் இருக்கிறான். பறையடித்து ஆடுகிறவன் இருக்கிறான். கரகம் ஆடும் குடும்பத்துப் பெண் வணிகவியல் படிக்கிறாள் என்று பேராசிரியர் ஒருவர் சொன்னார். இவர்கள் உடம்பில் இருக்கும் வித்தை அந்த மேடைகளுக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. இந்தப் பிள்ளைகள் சென்னைக்குப் போய் அறை எடுத்துத் தங்கிக் கற்றுக்கொள்ள முடியாது. ஒரு குழு இங்கே வந்து இரண்டு மாதம் இருந்தால் இரண்டு தரப்பும் கற்றுக்கொள்ளும். வருகிறவர்கள் நம் பிள்ளைகளிடமிருந்து வாங்கிப் போவதை நம் பிள்ளைகள் பெயரோடு வாங்கிப் போக வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுவோம்.

பெற்றோர் கேட்கப்போவது இன்னொன்று: எட்டு மணிக்கு மேல் பெண் பிள்ளைகள் எப்படி வீட்டுக்குப் போவார்கள்? கல்லூரிப் பேருந்து ஒன்று எட்டேகால் மணிக்குக் கிளம்ப வேண்டும். ஓட்டுநருக்கு அந்த நேரத்துக்கான படி கொடுக்க வேண்டும். திட்டத்தில் இதற்கும் ஒரு தொகை ஒதுக்கினால்தான் நடக்கும். இல்லையென்றால் பயிற்சிக்கு ஆண் பிள்ளைகள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

செயற்குழு நாளைக் காலை பத்து மணிக்குக் கூடுகிறது. அரங்கப் புதுப்பிப்புத் தீர்மானத்தில் 'கிரானைட்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மரத்தரை' என்று போடவும், எல்ஈடி திரைக்கான தொகையைப் பக்கவாட்டு விளக்குகளுக்கும் பேருந்துக்கும் மாற்றவும் எழுத்து மூலமாக ஒரு திருத்தம் கொடுத்திருக்கிறேன். விளக்குகளை நானே வந்து இலவசமாகக் கட்டித் தருகிறேன். கம்பத்தைப் பிடிக்க இயற்பியல் துறையிலிருந்து நாலு மாணவர்கள் வேண்டும். திருத்தத்தை வழிமொழிய ஒரு உறுப்பினர் தேவை. விருப்பமுள்ளவர்கள் இன்றிரவு உணவுக்கு முன் என்னிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். காகிதம் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.